கரண்டு பஸ்ஸிலிருந்து பூலிம் அவென்யூ வரை

ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்கின் கார் பேட்டையில் மின்னூட்டுக் கருவிகளைப் பொருத்தியபோது, குழி தோண்டி வயர் இழுத்தவர்களில் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரர். தண்ணீர் போத்தல் கொடுக்கப் போய்ப் பேச்சு வளர்ந்தது. ஊரில் இருந்தபோது கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாராம்.

“அங்கயும் காரு, இங்கயும் காருதாண்ணே. ஆனா நான் இன்னிக்கு வரைக்கும் லாரிலதான் போறேன்” என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது அப்படியே தங்கிவிட்டது. சிங்கப்பூரில் மின்வாகனத்தின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் தெரிந்துகொண்டது, இந்தக் கதை டெஸ்லாவில் தொடங்கவில்லை என்பது. 1905 ஜூலையில் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதற்கு மின்சாரம் தந்த நிலையம் இருந்த இடம் மெக்கன்சி ரோடு. லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கித் தேக்காவுக்கு எதிர்ப்பக்கம் நடந்தால் வரும் அதே சாலைதான். 1906ல் நகரத்தின் முதல் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்ததும் அந்த நிலையத்தின் மின்சாரத்தில்தான். டிராம் கம்பெனி உற்பத்தி செய்ததை நகராட்சி விலைக்கு வாங்கியது. அதாவது வண்டிக்காக வந்த கரண்டுதான் தெருவுக்கும் வந்தது.

டிராம் 1927ல் நின்றது. அதன் இடத்தை, தலைக்குமேல் இரண்டு கம்பிகளைப் பிடித்து ஓடும் டிராலி பஸ் எடுத்துக்கொண்டது. 1962 டிசம்பரில் அதுவும் நின்றது. என் தாத்தா அதை ‘கரண்டு பஸ்’ என்பார். “சத்தமே வராதுடா, பின்னாடி வந்து நிக்கும், திடுக்குன்னு இருக்கும்” என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது கார் பேட்டையில் தினமும் திடுக்கிடுகிறேன்.

ஆக, மின்சார வண்டியைச் சிங்கப்பூர் அறுபது வருடம் மறந்திருந்து மறுபடி எடுத்திருக்கிறது. முதல் முறை கொண்டுவந்தது தனியார் கம்பெனி. இரண்டாம் முறை கொண்டுவருவது அரசு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஜூரோங்கைப் பார்க்க வேண்டும்.

கார் செய்வதும் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1941ல் புக்கிட் தீமாவில் ஃபோர்டு ஆலை திறந்தது. மறுவருடம் பிப்ரவரி 15 அன்று பெர்சிவல் யமாஷிதாவிடம் சரணடைந்தது அந்த ஆலையின் அறையில்தான். போருக்குப் பிறகு ஃபோர்டு மீண்டும் கார்களைப் பொருத்தியது. 1961ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் உருவானது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங்கின் சதுப்பு நிலத்தையும் இறால் குட்டைகளையும் நிரவித் தொழிற்பேட்டை ஆக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆலைகள் வரத் தாமதமானதால் அதை ‘கோவின் மடமை’ என்று கேலி செய்தார்கள். ஆனால் அரசின் வழி அங்கேயே உருவாகிவிட்டது. நிலத்தையும் சாலையையும் மின்சாரத்தையும் முதலில் தயார் செய்துவிட்டு, பிறகு கம்பெனியைக் கூப்பிடுவது.

அதே அரசுதான் கார்த் தொழிலைக் கைவிடவும் செய்தது. 1965ல் மலேசியாவிலிருந்து பிரிந்ததும் பெரிய சந்தை போய்விட்டது. சின்னத் தீவுக்காக மட்டும் கார் பொருத்துவது கட்டுப்படியாகவில்லை. உள்ளூர் ஆலைகளுக்குத் தந்த பாதுகாப்பை அரசு விலக்கிக்கொள்ள, 1980ல் ஃபோர்டு மூடியது. 1990 மே மாதத்தில் சிஓஇ வந்தது. பத்து வருடம் கார் வைத்திருக்கும் உரிமைக்கு ஏலம். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சிக்குப் பூஜ்ஜியம். இவ்வளவு தூரம் காரைக் கட்டிப்போட்ட அரசுதான் இன்று மின்காருக்குக் கதவு திறக்கிறது.

கதவு எளிதில் திறந்துவிடவில்லை. 2016ல் ஒருவர் பழைய டெஸ்லா ஒன்றை இறக்குமதி செய்தபோது, கரிம உமிழ்வுக்காக 15,000 வெள்ளி கூடுதலாகக் கட்டச் சொன்னது நிலப் போக்குவரத்து ஆணையம். புகைக்குழாயே இல்லாத வண்டிக்கு எப்படி உமிழ்வு என்று உலகமே சிரித்தது. ஈலோன் மஸ்க் பிரதமர் லீ சியன் லூங்கிடம் பேசியதாக ட்விட்டரில் சொன்னார். ஆணையத்தின் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. மின்சாரம் வானத்திலிருந்து வரவில்லை. இங்கே அதில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மின்நிலையத்தின் புகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

அடுத்து டைசன். 2018 அக்டோபரில் மின்கார் ஆலையைச் சிங்கப்பூரில் அமைப்பதாக அறிவித்தது. ஒரே வருடத்தில், கட்டுப்படியாகாது என்று திட்டத்தையே கைவிட்டது. பிறகு அது தன் தலைமையகத்தை 1927ல் கட்டப்பட்ட செயிண்ட் ஜேம்ஸ் நிலக்கரி மின்நிலையக் கட்டடத்தில் அமைத்துக்கொண்டது.

அரசு விடவில்லை. 2021 பிப்ரவரியில் வெளியான பசுமைத் திட்டம் 2030, அந்த வருடத்துக்குள் 60,000 மின்னூட்டு இடங்கள் என்றது. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்றது. அதே ஜனவரியில் மின்காரின் பதிவுக் கட்டணத்தில் 20,000 வெள்ளி வரை தள்ளுபடி வந்திருந்தது. 2022 மே மாதத்தில், சிறிய கார்களுக்கான சிஓஇ பிரிவில் மின்கார்களுக்கான வரம்பை 97 கிலோவாட்டிலிருந்து 110 ஆக உயர்த்தினார்கள். ஒரு எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான். விலை உயர்ந்த பிரிவில் இருந்த பல மின்கார்கள் மலிவான பிரிவுக்கு வந்துவிட்டன. 2021ல் புதிதாகப் பதிவான கார்களில் மின்கார் சுமார் 4 விழுக்காடு. 2024ல் மூன்றில் ஒன்று.

2023 நவம்பர் 21 அன்று ஜூரோங் புத்தாக்க வட்டாரத்தில், பூலிம் அவென்யூவில் ஹூண்டாயின் ஏழு மாடி ஆலை திறந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி சிங்கப்பூரில் கார். ஓடும் பட்டைக்குப் பதிலாகத் தனித்தனி அறைகளில் கார் உருவாகிறது. வேலையில் ஏறக்குறைய பாதியை ரோபோக்கள் செய்கின்றன. சோதனை ஓட்டத்துக்கு மொட்டைமாடியிலேயே ஓடுபாதை. வருடத்துக்கு 30,000 கார் வரை செய்ய முடியும். அங்கே உருவான ஐயோனிக் 5, நம்ம அண்ணனின் ஊருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் பொருத்தப்பட்டது. 2019ல் மின்வாகனக் கொள்கை அறிவித்து 2023ல் அதைத் திருத்திய தமிழ்நாடு, அந்த மே மாதத்தில் ஹூண்டாயுடன் பத்து வருடத்தில் 20,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. இரண்டு அரசுகளும் ஒரே கம்பெனியைத்தான் கூப்பிட்டன. தமிழ்நாடு வேலைவாய்ப்பைக் கேட்டது. சிங்கப்பூர், ஆட்கள் குறைவாக வேண்டியிருக்கும் ஆலையைக் கேட்டது.

இவ்வளவும் படித்த பிறகு அந்த லாரிப் பேச்சு மறுபடி நினைவுக்கு வந்தது.

சிங்கப்பூர்ச் சட்டப்படி சரக்கு லாரியின் பின்தளத்தில் பொதுவாக ஆள் ஏறக் கூடாது. வேலைக்காகப் போகும் தொழிலாளர்களுக்கு விலக்கு உண்டு. தடுப்புக் கம்பியும் மழைக்கூரையும் கட்டாயம். இருக்கையும் இருக்கைப் பட்டியும் கட்டாயமில்லை. 2021 ஏப்ரல் தொடக்கத்தில், புகை குறைந்த இலகுரக சரக்கு வண்டி வாங்குவோருக்கு 30,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை தரும் திட்டம் நடப்புக்கு வந்தது. அதே மாதம் 20ஆம் தேதி தீவு விரைவுச்சாலையில், தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி நின்றிருந்த டிப்பரில் மோதி இருவர் இறந்தனர். 2023ல் பல அமைப்புகள் சேர்ந்து இந்த முறையை நிறுத்தக் கேட்டபோது, பல நிறுவனங்களுக்கு, குறிப்பாகச் சிறியவற்றுக்கு, அது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அரசு பதில் சொன்னது.

சிறு நிறுவனங்களின் சிரமம் பொய்யென்று நான் சொல்லவில்லை. செலவு இருக்கிறது, ஓட்டுநர் பற்றாக்குறை இருக்கிறது. ஆனால் மின்காருக்கும் இதே சொற்களைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? விலை அதிகம், மின்னூட்ட இடமில்லை, அடுக்குமாடியில் வசிக்கிறோம். அதையெல்லாம் காரணமாக்கி அரசு நின்றுவிடவில்லை. வருடம் குறித்தது, தள்ளுபடி தந்தது, வரம்பை மாற்றியது, கார் பேட்டையைத் தோண்டியது. எது சாத்தியம் என்பதை இந்த நாட்டில் பெரும்பாலும் அரசுதான் உருவாக்குகிறது என்பதற்கு ஜூரோங்கே சாட்சி. சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை சாத்தியமா என்று கேட்டவர்களுக்கு அறுபது வருடத்துக்கு முன்னால் கிடைத்த பதில் அது. லாரிக்கும் ஒரு வருடம் குறிக்கலாம்.

எங்கள் பேட்டைக் கருவிகளில் இப்போது பச்சை விளக்கு எரிகிறது. வேலை முடிந்த அன்று அண்ணன் கையசைத்துவிட்டு லாரியின் பின்னால் ஏறினார். பத்துப் பேர் எதிரெதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டீசல் லாரிதான். நாளைக்கே அது மின்லாரியாகிவிடக்கூடும். அப்போதும் அவர் அதே தரையில்தான் உட்கார்ந்து போவார்.