புதுவை நாள்கள் – 14: ஒழுகரையில் ஒரு விருந்து

கடலூர்க் கரையில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி போஸ்கவேனின் கப்பல்கள் வந்து நின்றதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். 1748 ஆகஸ்ட். புதுச்சேரி முற்றுகை தொடங்கப்போகிறது. அதற்கு முன், 1745-க்கு ஒரு நடை போய்வர வேண்டும். முற்றுகைக் காலத்தில் இடிபட்ட வேதபுரீஸ்வரர் கோயிலின் விதி பீரங்கிகளால் மட்டும் எழுதப்பட்டதல்ல. துபாஷ் (மொழிபெயர்ப்பாளர், தரகர்) நாற்காலிக்காக இரண்டு குடும்பங்கள் நடத்திய நெடும்போருக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் முடிவு.

அந்த ஆண்டு, பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ் கனகராய முதலி, இறந்துபோன தன் மகனின் நினைவாக ஒழுகரையில் ஒரு மாதா கோயில் கட்டி முடித்தார். இன்று ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் அந்திரேயர் கோயில்தான் அது. கோயில் எழும்பியதற்கு விருந்து. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர், வாணியர் என்று ஊரையே அழைத்தார். அவரவர் ஆசாரம் கெடாமல் பிராமணச் சமையல். வெள்ளைக்காரருக்குத் தனியே மேசை. கவர்னர் துய்ப்ளேக்ஸ் மனைவியோடு வந்து உட்கார்ந்தார்.

இத்தனையும் நமக்குத் தெரிவது ஆனந்தரங்கப் பிள்ளையால். 1736 செப்டம்பர் 6 முதல் கால் நூற்றாண்டு காலம், கப்பல் வந்தது, குண்டு போட்டது, கல்யாணம், சாவு, கவர்னரின் முகக்குறி எல்லாவற்றையும் தினப்படியாக எழுதிவைத்த மனிதர். ஒழுகரை விருந்துக்கு அவரும் போனார். திரும்பிவந்து, இது கிறிஸ்தவ முறையும் இல்லை, நம்மவர் முறையும் இல்லை என்ற பொருள்பட எழுதினார். செலவழித்தவருக்கு அதற்குரிய மதிப்பு வரவில்லை என்பது அவர் கணக்கு.

அந்தக் கசப்புக்குப் பழைய வேர் உண்டு. பிள்ளையின் மாமா நைனியப்ப பிள்ளை அதே பதவியில் இருந்தவர். ஏசு சபைச் சாமியார்களின் பகையும் அன்றைய கவர்னரின் பேராசையும் சேர்ந்து 1716-ல் அவரைச் சிறையில் தள்ளின. அடுத்த ஆண்டு அங்கேயே செத்தார். அவர் மகன் குருவப்பா பிரான்சுக்குப் போய் நீதி கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, பட்டத்தோடு திரும்பினார். இளவயதிலேயே அவரும் போனார். பிள்ளை வளர்ந்தது இந்தக் கதையைக் கேட்டுத்தான். முதலியின் கோயில் மணி அவர் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். என்றாலும் என் நெஞ்சு விருந்து வைத்தவர் பக்கம்தான் சாய்கிறது. மகனைப் பறிகொடுத்த தகப்பன், துக்கத்தைத் தன் மதத்துக்குள் பூட்டிவைக்காமல் ஊரைக் கூட்டிச் சோறு போட்டார். அன்றைய புதுச்சேரியில் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை நான் படித்ததில்லை.

விருந்துக்கு மறுவருடம் பிப்ரவரியில் முதலி காலமானார். பதவிக்காக அவர் தம்பியும் பிள்ளையும் மோதினார்கள். புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் பேசி வளர்ந்த துய்ப்ளேக்ஸ் மனைவி ழான், பிள்ளையை ஆகவிடாமல் ஓடியாடினாள். 1747-ல் பதவி பிள்ளைக்கே வந்தது. அது அவளுக்கு ஆறாப் புண். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் வாசலுக்கு வந்த நேரம் பார்த்து, ஏசு சபையாரின் சம்பா கோயிலை ஒட்டி நின்ற வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் குற்றத்தை ழான் மீதும் சாமியார்கள் மீதும் பிள்ளை சுமத்துகிறார், நானும் சுமத்துகிறேன். ஆனால் தலைமைத் துபாஷாக இருந்தும் அவர் தடுக்கவில்லை. தம்மிடம் முறையிட வந்த சாதித் தலைவர்களையே கடிந்துகொண்டார். பிள்ளையை எவ்வளவு நேசித்தாலும் அந்த இடத்தில் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

முற்றுகை? போஸ்கவேன் முதலில் அரியாங்குப்பம் கோட்டையில் நாட்களை வீணாக்கினார். மேஜர் லாரன்ஸ் அங்கே பிடிபட்டார். மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இழந்து ஆங்கிலேயர் பின்வாங்கினார்கள். அரியாங்குப்பத்தில் நடந்ததை நாள்வாரியாக அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.