குளச்சல் தூணும் பனந்தடி பீரங்கியும்

ஜூலை 31 வந்தா குளச்சல் வெற்றித் தூணுக்கு ராணுவக்காரங்க வருவாங்க. மலர் வளையம் வைப்பாங்க, மரியாதை செலுத்துவாங்க. கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாண்டினா இது எதுக்குன்னே பலருக்குத் தெரியாது.

1741-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இந்தக் கரையில்தான் இறங்கியது. எல்லாம் மிளகுக்காக. மார்த்தாண்ட வர்மா மிளகு விளையும் சின்னச் சின்ன நாடுகளைத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டே போக, டச்சுக்காரர்களின் வியாபாரம் அடிபட்டது. வந்தவர்கள் கடைசியில் குளச்சலிலேயே முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பீரங்கிக் குண்டு அவர்களுடைய வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. அந்தத் தீயில் வைத்திருந்த அரிசி மொத்தமும் போச்சு. அப்புறம் சரணடைவதைத் தவிர வழியில்லை. போரைப் பற்றிப் பேசுறவங்க பீரங்கியைத்தான் பேசுவாங்க. நான் அரிசியைத்தான் முதல்ல பார்ப்பேன்.

பிடிபட்ட டி லனாயையே மன்னர் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். தோற்று வந்தவர் திருவிதாங்கூரின் தளபதியாகி, 1777-ல் இங்கேயே இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கு. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்காங்க. அந்தத் திருவிதாங்கூர் படையின் வாரிசுதான் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது பட்டாலியன். புத்தகங்கள் சில போரை ஆகஸ்ட் 10 என்று சொன்னாலும், அவர்களுக்குக் குளச்சல் தினம் ஜூலை 31-தான்.

பட்டாளத்தில் புதுசா சேர்ற பையனுக்கு மூத்தவங்க இதைச் சொல்லிடுவாங்க. கடற்கரைக்காரங்க சொல்ற கதைக்குத்தான் அணிவகுப்பு கிடையாது. மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்தி வரிசையா நின்னாங்களாம். பனந்தடியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கடலைப் பார்க்க நிறுத்தினாங்களாம். கப்பல்ல இருந்தவன் பீரங்கின்னு நினைச்சுட்டானாம். வாய்மொழிதான், ஆவணம் கேட்டால் காட்ட முடியாது. ஆனா மன்னரும் தளபதியும் நிறைந்த இந்த வரலாற்றில் மீனவனும் வண்டிக்காரனும் தலைகாட்டுற இடம் அது ஒண்ணுதான். அதைச் சொல்ற பெரியவங்க வருஷத்துக்கு வருஷம் குறையுறாங்க.

போன ஜூலையில் அக்கா பேரனைக் கூட்டிட்டுப் போனேன். தூணை ஒரு நிமிஷம் பார்த்தான். பனந்தடிக் கதையைச் சொன்னதும், "தாத்தா, அந்த வண்டி மாட்டுக்கு வெடிச்சத்தம் பயமா இருந்திருக்காதா?"ன்னு கேட்டான். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோணவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் தங்கச்சியை உட்கார வைத்து, கதையை மாட்டிலிருந்து ஆரம்பிச்சான்.