தந்தையோடு சென்ற வேட்டை

வேட்டையை மன்னர்களின் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வீழ்த்திய விலங்குகளை எண்ணிப் பெருமை பேசுவோரின் கதைகளும் அவ்வெண்ணத்தையே வலுப்படுத்துகின்றன. ஆயினும் எண்ணிக்கையில் அடங்காத பேறு ஒன்றையும் வேட்டை சிலருக்கு வழங்கியதுண்டு. உஸாமா இப்னு முன்கித் எழுதிய ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் நூல் அதற்குச் சான்று.

சிரியாவில், ஆஸி நதிக்கரையில் நின்ற ஷைஸர் கோட்டையின் ஆட்சிக் குடும்பத்தில் 1095-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 488) பிறந்தவர் உஸாமா. சிலுவைப் போர்கள் தொடங்கிய காலம் அது. அவருடைய தந்தையார் முர்ஷித், தமக்கு வந்த ஆட்சிப் பொறுப்பைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர். பகலில் ஓதுதலும் நோன்பும் வேட்டையும். இரவில் திருக்குர்ஆனைத் தம் கைப்படப் படியெடுத்தல். இதுவே அன்னாரின் வாழ்க்கை.

கோட்டைக்குத் தெற்கே மலையில் கவுதாரியும் முயலும் இருந்தன. மேற்கே நதிக்கரை நாணற்காடுகளில் நீர்ப்பறவைகளும் மான்களும் இருந்தன. மைந்தர்களையும் வேட்டைக்காரர்களையும் அழைத்துக்கொண்டு தந்தையார் புறப்படுவார். ‘அல்யஹ்ஷூர்’ என்ற ராஜாளி 13 ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தது. மற்றப் பறவைகள் தம் பசிக்காக வேட்டையாட, அது எசமானருக்காகவே வேட்டையாடியதாக உஸாமா எழுதுகிறார்.

வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிப்புலி ஒன்றும் இருந்தது. முற்றத்தில் அதற்கெனப் படுக்கை. பணிவிடைக்கு ஒரு பெண். காட்டில் மானைத் துரத்திப் பிடிக்கும் அவ்விலங்கு, அதே முற்றத்தில் வளர்ந்த மான்களை ஒருநாளும் தீண்டியதில்லையாம்!

பின்னர் வந்தவை இழப்பின் ஆண்டுகள். தந்தையார் மறைந்தபின், 1138-இல் சிறிய தந்தையாரின் மனக்கசப்பால் உஸாமா ஷைஸரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1154-இல் எகிப்திலிருந்து குடும்பத்தினர் வந்த கப்பலை ஜெரூசலம் மன்னனின் ஆட்கள் கொள்ளையிட்டனர். குடும்பத்தினர் உயிர் தப்பினர். 4,000 நூல்கள் பறிபோயின. 1157-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் கோட்டை இடிந்து, அங்கிருந்த உறவினர் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர்.

தொண்ணூறு வயதை எட்டிய முதுமையில், வேலேந்திய கை எழுதுகோலுக்கே நடுங்கும் நிலையில், உஸாமா தம் நினைவுகளைத் தொகுத்தார். அந்நூலின் இறுதிப் பகுதியை வேட்டைக்கே ஒதுக்கினார். மோஸுலின் ஸன்கி முதலிய பேரரசர்களின் வேட்டைகளையும் அவர் கண்டவர். எனினும் தம் தந்தையாரின் வேட்டைக்கு நிகராக எதையும் கண்டதில்லை என்கிறார். உண்மையிலேயே அது அத்துணைச் சிறந்ததா, அன்பின் கண்கொண்டு நோக்கியதால் அவ்வாறு தோன்றியதா என்று தம்மையே ஐயுறவும் செய்கிறார்.

அந்த ஐயத்தில்தான் அவர் பெற்ற பேறு அடங்கியிருக்கிறது என்போம். வேட்டையின் இறைச்சி அன்றே உண்டு தீர்ந்தது. கோட்டை மண்ணானது, நூல்கள் பகைவர் கைப்பட்டன. தந்தையின் அருகே குதிரையேறிச் சென்ற காலைப்பொழுதுகள் மட்டும் எவராலும் பறிக்க இயலாத செல்வமாய் அம்முதியவரிடம் எஞ்சின. நம் மைந்தர்களுக்கு நாம் விட்டுச்செல்ல விழையும் செல்வங்களுள் இதற்கும் ஓர் இடம் உண்டன்றோ?