சிறையில் பிறந்த இரு மறுமொழிகள்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள். கெய்ரோவின் ஆபிதீன் அரண்மனையைப் பிரிட்டிஷ் டாங்கிகள் சூழ்ந்து நின்றன. தாங்கள் சுட்டும் தலைவரைப் பிரதமராக்க வேண்டும், இன்றேல் முடி துறக்க வேண்டும் என்று மன்னர் பாரூக்கிடம் பிரிட்டிஷ் தூதர் கூறினார். மன்னர் பணிந்தார். ஆட்சியேறியது வஃப்துக் கட்சி. அந்நியரை எதிர்த்து 1919-இல் எழுந்த அதே கட்சி! மக்களாட்சி பேசியவர்கள் அந்நியரின் டாங்கி நிழலில் பதவியேற்றதை எகிப்திய இளைஞர்கள் கண்டனர்.

மேற்கத்திய தாராளக் கொள்கையை முஸ்லிம்களுள் சிலர் பகைத்தது ஏன் என்று வினவுவோர், அக்கொள்கை அவர்தம் வாயிலுக்கு எக்கோலத்தில் வந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.

தொடக்கத்தில் இத்தகைய பகை இருந்ததில்லை. 1884-இல் பாரிஸிலிருந்து ஜமாலுத்தீன் ஆப்கானியுடன் இதழ் நடத்திப் பிரிட்டிஷ் ஆதிக்கத்தைச் சாடிய ஷைகு முஹம்மது அப்துஹு, பகுத்தறிவும் மார்க்கமும் பகையல்ல என்று போதித்தார். 1899-இல் எகிப்தின் முஃப்தியுமானார். ஐரோப்பியரின் ஆதிக்கத்தை எதிர்ப்பதும், அவர்தம் அறிவைக் கற்பதும் அவரிடம் ஒருங்கே நிலவின.

1928-இல் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் பள்ளி ஆசிரியர் ஹஸனுல் பன்னா இக்வான் இயக்கத்தைத் தொடங்கினார். கால்வாய்க் கம்பெனியின் ஐரோப்பிய அதிகாரிகளுடைய வளமும், எகிப்தியத் தொழிலாளரின் வறுமையும் அவ்வூரில் அருகருகே இருந்தன. நாளடைவில் இயக்கத்துள் இரகசியப் படையொன்று வளர்ந்தது. 1948 டிசம்பரில் பிரதமர் நுக்ராஷி இக்வான் இளைஞர் ஒருவரால் கொல்லப்பட்டார். 1949 பிப்ரவரியில் பன்னா கெய்ரோ வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குருதி குருதியை அழைத்தது.

இலக்கியத் திறனாய்வாளராகப் புகழ்பெற்றிருந்த ஸையித் குத்ப், அரசு அனுப்பியதால் 1948-இல் அமெரிக்கா சென்றார். அங்குக் கண்ட நிறவெறியும் பொருளாசையும் அவர் மனத்தைக் கசக்கச் செய்தன. எனினும் அவரைத் தீவிரராக்கியது அமெரிக்கா அன்று. தம் நாட்டுச் சிறையே. 1954-இல் நாஸர் அரசு அவரைச் சிறையிலிட்டது. 1957-இல் தூரா சிறையில் இக்வான் கைதிகள் 21 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1964-இல் வெளிவந்த அவரது 'மஆலிம்' என்னும் நூல், தம்மைச் சூழ்ந்த சமுதாயம் முழுவதையுமே ஜாஹிலிய்யா எனத் தீர்ப்பிட்டது. 1966 ஆகஸ்டில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் எழுத்திலிருந்து சிலர் துப்பாக்கிக்கான நியாயத்தையும் பெற்றனர்.

ஆகவே பழி முழுவதையும் மேற்கின்மீது சுமத்துவதும் நீதியாகாது. அச்சிறையின் திறவுகோல் முஸ்லிம் ஆட்சியாளரின் கையிலேயே இருந்தது.

அதே ஆட்சியின் சிறையில் மற்றொரு மறுமொழியும் பிறந்தது. பன்னாவுக்குப் பின் தலைமையேற்ற ஹஸன் அல்ஹுதைபி முன்னாள் நீதிபதி. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பெற்றவர். அவர் பெயரால் 1977-இல் வெளிவந்த நூலின் தலைப்பே அதன் கருத்தைக் கூறும்: நாம் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர். கலிமா மொழிந்தவனைக் காஃபிர் என்று தீர்ப்பிட எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் சாரம்.

அன்பர்களே, இருவரும் துன்புற்றவர்களே. துன்பம் ஒன்றாயினும் அதினின்று பெற்ற பாடம் வேறாயிற்று. நம் பிள்ளைகளுக்கு அநீதியின் வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லும்போது, நீதிமன்றத்தில் அமர்ந்து பழகிய அம்முதியவர், பிறர் ஈமானுக்குத் தீர்ப்பெழுத மறுத்ததையும் சேர்த்தே சொல்வோமாக.