சைக்கிள் டைனமோவும் யாழ்ப்பாணத்து வானொலியும்

ஒலியைப் பெருக்கிக் கேட்பதற்குப் பேராற்றல் வேண்டும் என்று பலர் எண்ணுவர். விறாந்தையிலே நாலு பேர் கூடியிருந்து செய்தி கேட்பதற்கு அரை வாட் ஆற்றலே போதியதாகும். 1960களின் நடுவில் ஜப்பானியத் தெய்ஸ்கோ நிறுவனம் மின்கிற்றாரின் உடலுக்குள்ளேயே சிறிய பெருக்கி ஒன்றையும் ஒலிபெருக்கி ஒன்றையும் பொருத்திப் பற்றறியால் இயங்கச் செய்தது. சுவரிலிருந்து மின்கம்பி இழுக்காமலே கடற்கரையிலும் அதை மீட்டலாம். அங்கே அது பொழுதுபோக்குக்கு உதவிய வசதி. அதே சிற்றாற்றலின் அருமையை 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட காலத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் வேறொரு வகையில் உணர நேர்ந்தது.

வால்வு வானொலிகளின் காலத்தில் மின்சாரம் எட்டாத ஊர்களிலே வானொலி கேட்பது செலவு மிக்க காரியமாயிருந்தது. வால்வின் இழையைச் சூடேற்ற ஒரு பற்றறியும், அதன் தகட்டுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு வோல்ட் அழுத்தம் தருதற்கு இன்னொரு பற்றறியும் வேண்டியிருந்தன. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் திரான்சிஸ்டர் வானொலி அங்கே கடைக்கு வந்தது. சூடேற்றும் இழை போயிற்று. பெரிய பற்றறியும் போயிற்று. கைவிளக்குக்கு இடும் சாதாரணப் பற்றறி நான்கு இருந்தால் பல வாரங்கள் பாட்டுக் கேட்கலாம் என்றாயிற்று. காலப்போக்கில் வெங்காயத் தோட்டத்து வரம்பிலும் புகையிலைக் குடிலிலும் திருச்சி வானொலியும் கொழும்பு வானொலியும் ஒலிக்கலாயின.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் விதித்த தடையினால் எரிபொருள் முதலான பல பொருள்கள் வடக்கே செல்ல முடியாமற் போயின; பற்றறியும் அவற்றுள் ஒன்று. கைவிளக்குப் பற்றறியால் என்ன போர் நடத்தலாம் என்று அக்காலத்தவர் கேட்டிருப்பர். வெடிபொருளை இயக்க அது உதவும் என்பதே தடை விதித்தோரின் நியாயம். எந்த நியாயமாயினும், அதன் சுமை முதியவரின் வானொலிப் பெட்டியிலும் வந்து இறங்கியது. கள்ளமாக வந்த பற்றறிகள் பல மடங்கு விலைக்கு விற்றன. வலுவிழந்தவற்றை வெயிலில் காயவைத்தனர்; துளையிட்டு உப்புநீர் ஊட்டியும் பார்த்தனர். அவை சிறிது நேரம் உயிர்பெறும், பின்னர் ஓய்ந்துவிடும்.

அப்போது கைகொடுத்தது துவிச்சக்கர வண்டி. குடாநாடு சமதரை, றலியோ ஹம்பரோ இல்லாத வீடு அரிது. அதன் சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவின் அளவு ஆறு வோல்ட், மூன்று வாட். ஒன்றரை வோல்ட் பற்றறி நான்கைச் சேர்த்தாலும் அதே ஆறு வோல்ட்தான். இந்தப் பொருத்தம் தற்செயலானது. ஆயினும் அதுவே அவ்வாண்டுகளில் பல வீடுகளைக் காத்தது.

எனினும் டைனமோவை நேரே வானொலியில் இணைத்தல் ஆகாது. டைனமோ தருவது ஆடலோட்டம். திரான்சிஸ்டர் வேண்டுவது நேரோட்டம். பழுதடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகள் நான்கைப் பாலம்போல் அமைத்தால் ஓட்டம் ஒரு திசைப்படும். அதன் அலைவைத் தணிக்க மின்தேக்கி ஒன்றும் வேண்டும். மின்தேக்கி சிறிதாயின் செய்தியாளரின் குரலுக்குக் கீழே ஓர் உறுமல் கேட்கும். மிதிக்க மிதிக்க உறுமலின் சுருதியும் ஏறும். வேகம் மிகுந்தால் மின்னழுத்தமும் எல்லை கடந்து, அருமையான பெட்டி கருகிவிடக்கூடும். முன்விளக்கையும் உடன் எரியவிட்டால் அந்த மிகை ஓரளவு அடங்கும். இவ்வளவையும் பள்ளிப் பையன்கள் பாடநூலிற் படித்தறியவில்லை. ஒரு பெட்டி எரிந்தபின் அடுத்த பெட்டியில் அறிந்துகொண்டனர்.

இரவானதும் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவர். ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட விளக்கு ஒருபுறம் மினுங்கும். ஒருவர் கையால் மிதியைச் சுற்றுவார். ஏனையோர் செவியைப் பெட்டியருகே வைத்திருப்பர். லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். எங்கே குண்டு விழுந்தது, கிளாலிக் கடனீரேரியைக் கடந்தோர் கதி என்ன, பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பனவெல்லாம் அந்தச் சிறு ஒலிபெருக்கி வழியாகவே வந்தன. சுற்றுபவரின் கை தளர்ந்தால் குரலும் தளரும். முக்கியமான பெயர் ஒன்று சொல்லப்படும் வேளையிலே கை மாறுவதற்காக நிறுத்திவிட்டால் வீட்டிலே சிறு பூசலே நிகழும்.

இந்நிலையில் பெட்டியின் உள்ளமைப்பும் உதவிற்று. அதிலுள்ள பெருக்கி, ஒலி மிகும்போதுதான் மிகுந்த ஓட்டத்தை இழுக்கும். தாழ்ந்த ஒலிக்குச் சிறிதே போதும். ஆகவே மெல்ல வைத்துக் கேட்போருக்குக் கைவலி குறைவு. ஒலிநாடா இயந்திரத்தின் கதை வேறு. நாடாவைச் சுழற்றும் மோட்டார் ஓயாது ஆற்றலை விழுங்கும். சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் இழுபட்டுப் பாடகரின் குரல் தடித்துப்போகும். திருமண வீட்டிலே நாடாவில் பாட்டுப் போட விரும்பியவர்கள் இளைஞர் பலரை முறைவைத்து மிதிக்கச் செய்தாலன்றி அது நடவாது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தவாறே தென்மராட்சி நோக்கிப் பெருந்திரளாக வெளியேறினர். செம்மணி, நாவற்குழி வீதியில் நகர்ந்த சைக்கிள்களில் மிதிப்பார் எவருமில்லை. மூட்டைகளும் பாத்திரங்களும் நடக்கமாட்டாத முதியோரும் அவற்றின்மேல் இருந்தனர், பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தனர். அந்த டிசம்பரில் யாழ் நகரம் இராணுவத்தின் கைக்குச் சென்றது. 1996இல் மக்கள் படிப்படியாகத் திரும்பினர். பின்னர் மின்பிறப்பாக்கிகளின் துணையோடு சிறிது சிறிதாக விளக்குகள் எரிந்தன. கடைகளிலே பற்றறியும் மீண்டும் வந்தது. டைனமோ மறுபடியும் முன்விளக்குக்கே திரும்பியது.