கைநாட்டிலிருந்து சிபில் வரை

ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும்னு தலைவி அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். ராஜாக்கள் வரலாறு எழுத எனக்கு வராது. ஆனா பதினோரு வருஷமா எங்க குழுவுக்குக் கணக்கு எழுதுறேன். அதனால கடனும் நம்ம பேரும் சேர்ந்து நடந்து வந்த வரலாற்றை எழுதுகிறேன். எங்க குழுவில் நடந்த ஒரு தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கைநாட்டுக் காலம்

1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் ஹெர்ஷல் என்று ஒரு ஆங்கிலேய அதிகாரி இருந்தார். சாலை போட சரளை தருவதாக ஒத்துக்கொண்ட ஒருத்தரிடம், ஒப்பந்தத் தாளில் உள்ளங்கை முழுவதையும் மையில் தொட்டுப் பதிக்கச் சொன்னார். நாளைக்கு ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அப்புறம் செத்துப்போனவர் பென்ஷனை வேறு ஆள் வாங்காமல் இருக்கவும் கைரேகை வாங்கினார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே தனி அலுவலகம் வந்தது. உலகத்துக்கே அதுதான் முதலாவது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற ரெண்டு இந்தியர்கள் அங்கே கைரேகைகளை வகை பிரிக்க வழி கண்டுபிடிச்சாங்க.

ஆக, ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் ஏமாத்துறது இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. ஆனா நம்ம ஊர்ப்பக்கம் கைநாட்டு ஏழையைக் காப்பாத்தல. என் மாமியார் சொல்வாங்க: “வெறும் புரோநோட்டுல கட்டை விரலை உருட்டிக்குவாங்க. தொகையை அப்புறமா அவங்களே எழுதிக்குவாங்க. நாம ஐநூறு வாங்கியிருப்போம், தாள்ல ரெண்டாயிரம் இருக்கும். படிக்கத் தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்?” கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அந்தக் கட்டை விரல் மேலதான் நடந்தது.

குழு வந்த காலம்

1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு தொடங்கினப்போ, முதலில் தொடங்கினது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோடதான் இருந்தது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம்னு ஒரு முயற்சி எடுத்தது. அடமானம் இல்லாமல், சேமிப்பையும் கூட்டத்தையும் நம்பிப் பெண்களுக்குக் கடன். 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து மாநிலம் முழுக்கக் குழுக்கள் பரவின.

என் மாமியாரும் தெருப் பெண்களும் சேர்ந்து 2004-ல் எங்க குழுவைத் தொடங்கினாங்க. பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. குழுவில் சேர்ந்தா கையெழுத்துப் போடணும்னு கட்டாயம். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைங்க சிலேட்டில் பேர் எழுதிப் பழகினாங்களாம். பழைய தீர்மான நோட்டைப் புரட்டினா ஆரம்பப் பக்கங்களில் கட்டை விரல் கறை, பிறகு கோணல் எழுத்து, அதுக்குப் பிறகு நேர் எழுத்து. என் கணக்கில் அதுதான் எங்க ஊரின் பெரிய வரலாறு.

கம்ப்யூட்டரில் நம்ம பேர்

நாம நோட்டில் எழுதிக்கிட்டு இருந்த காலத்திலேயே இன்னொரு நோட்டும் எழுதப்பட்டுக்கிட்டு இருந்தது. 2000-ல் சிபில் நிறுவனம் வந்தது. யார் கடன் வாங்கினாங்க, ஒழுங்கா கட்டினாங்களா என்று வங்கிகள் தரும் விவரத்தைச் சேர்த்து வைக்கிற வேலை. 2005-ல் அதற்கென்று சட்டம் வந்தது. இன்றைக்கு சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நாலு நிறுவனங்கள் இருக்கு. நாம எல்லாத்தையும் சேர்த்து ‘சிபில்’னே சொல்லிடுறோம். 300-லிருந்து 900 வரை மார்க்கு. 2016-க்குப் பிறகு குழு உறுப்பினர்களின் கடன் விவரத்தையும் தனித்தனியா தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு.

2010-ல் ஆதார் வந்தது. அதுக்கப்புறம் எதுக்கெடுத்தாலும் ஆதார் ஜெராக்ஸ். கணக்கு எழுதுற என் பையில் பன்னிரண்டு பேரோட ஜெராக்ஸும் போட்டோவும் எப்பவும் ஒரு கட்டு இருக்கும். அது பெரிய பொறுப்புன்னு அப்போ எனக்குத் தெரியல.

எங்க குழுவில் நடந்தது

2023-ல் வங்கிக் கடனுக்கு மனு போட்டோம். வங்கியில் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, “உங்க உறுப்பினர் ஒருத்தர் பேர்ல நாற்பதாயிரம் நிலுவை இருக்கு. அதைத் தீர்த்துட்டு வாங்க, இல்லேன்னா அவங்களை எடுத்துடுங்க”ன்னு சொன்னாங்க. அந்த உறுப்பினர் எங்க குழுவின் மூத்த அக்கா. ஆடு வளர்த்துப் பிழைக்கிறவங்க. ஒரு தவணைகூடத் தவறினது இல்லை.

அக்கா, “நான் வாங்கலம்மா” என்றாங்க. நாங்க நம்பல. இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. ‘கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? மருமகனுக்கு வாங்கிக் கொடுத்திருப்பாங்க’ன்னு பேசினோம். ரெண்டு கூட்டத்துக்கு அவங்க வரல. சந்தாவை மட்டும் பேரப்பிள்ளைகிட்ட கொடுத்து அனுப்பினாங்க. மூணாவது கூட்டத்தில் அவங்களை நீக்கத் தீர்மானம் எழுதணும்னு பேச்சு வந்தது. பேனா என் கையில்தான் இருந்தது. எழுத மனசு வரல. “ஒரு மாசம் பொறுங்க”ன்னு கேட்டேன்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் விசாரிச்சதில், வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம கடன் அறிக்கையை இலவசமா வாங்கலாம்னு சொன்னாங்க. 2017-லிருந்தே அந்த உரிமை இருக்கு. இ-சேவை மையத்தில் அக்காவை உட்கார வச்சு எடுத்தோம். அதில் 2019-ஆம் வருஷத்துக் கடன் ஒண்ணு இருந்தது. செல் நம்பர் அக்காவோடது இல்லை. தெருப் பேரும் எங்க தெரு இல்லை.

அப்பதான் எனக்குப் பொறி தட்டினது. 2019-ல் ஒரு ஆள் வந்து, குறைஞ்ச வட்டிக்குக் குழுக்கடன் வாங்கித் தர்றேன்னு எல்லாரோட ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் கேட்டார். போனவர் திரும்பி வரல. அந்தக் கட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மனு எழுதி, விண்ணப்பத்தின் நகல் கேட்டோம். மூணு தடவை அலைஞ்ச பிறகு கிடைச்சது. போட்டோ அக்காவோடதுதான். ஆனா கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. பணம் போன வங்கிக் கணக்கும் வேற யாரோடதோ. அக்கா 2004-லிருந்து கையெழுத்துப் போடுறவங்க. எங்க தீர்மான நோட்டில் பதினைந்து வருஷத்துக் கையெழுத்து இருக்கு. அந்தக் கடன் தேதிக்கு முந்தின கூட்டத்தில், மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் தங்க அக்காவுக்கு ஐயாயிரம் உள்கடன் கொடுத்ததும், கடன் தேதியில் நடந்த கூட்டத்துக்கு அவங்க வராததும் நோட்டில் பதிவா இருந்தது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் அனுப்பினோம். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து ரசீது வாங்கினோம்.

ஒண்ணரை மாசத்தில் அந்தக் கடன் அக்கா பேரிலிருந்து நீங்கினது. எங்க வங்கிக் கடனும் வந்தது. ஏமாத்தின ஆள் இன்னும் பிடிபடல. குழு தவறாமல் கட்டியிருந்தா, ஒரு உறுப்பினரின் பாக்கிக்காகப் பொதுவா குழுக் கடனை நிறுத்தக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையிலேயே இருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டோம்.

அக்கா வீட்டுக்கு எல்லாரும் போனோம். “மன்னிச்சுடுங்கக்கா, ஜெராக்ஸ் கொடுத்தது நான்தான்” என்றேன். அவங்க டீ போட்டுக் கொடுத்துட்டு, “பணம் போயிருந்தா ஆட்டை வித்துக் கட்டியிருப்பேன். நீங்க நம்பலையேன்னுதான் ராத்திரி தூக்கம் வரல” என்றாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை.

வரலாற்றில் நாம கத்துக்க வேண்டியது

அன்னைக்கு ஹெர்ஷல் பயந்தது, கையெழுத்துப் போட்டவன் மறுத்துடுவானோன்னு. இன்னைக்கு நம்ம பயம், போடாதவளைப் போட்டாள்னு சொல்லிடுவாங்களோன்னு. காலம் தலைகீழா மாறியிருக்கு. ஆனா சட்டமும் வளர்ந்திருக்கு. சகோதரிகள் இதை மனசில் வைக்கணும்:

• ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தா, எதுக்குக் கொடுக்கிறோம், எந்தத் தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கடைசி நாலு எண் மட்டும் தெரியுற ஆதாரும் எடுக்கலாம். கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கு. ஆதார் சந்தேகத்துக்கு 1947.

• வருஷத்துக்கு ஒரு முறை கடன் அறிக்கை எடுத்துப் பாருங்க. தப்பு இருந்து புகார் கொடுத்தா 30 நாளில் தீர்க்கணும். 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு விதி இருக்கு.

• கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போனால் உடனே வங்கிக்கும் 1930-க்கும் சொல்லுங்க. வெளியாள் செய்த மோசடின்னா, மூணு வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் நஷ்டம் நம்ம தலையில் விழாதுன்னு 2017 விதி சொல்லுது. ஓடிபியை நாமே சொல்லிட்டா அந்தப் பாதுகாப்பு போயிடும்.

• வங்கியோ நிதி நிறுவனமோ 30 நாளில் பதில் தரலேன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

• கடைச் சாமான், மிக்ஸி, விதை, உரம் எதில் ஏமாந்தாலும் 1915. நாம கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம். 1986-ல் வந்த சட்டத்தை 2019-ல் புதுசாக்கி இருக்காங்க.

• எல்லாத்துக்கும் மேல, தீர்மான நோட்டை ஒழுங்கா எழுதுங்க. வராதவங்க பேரையும் காரணத்தையும் எழுதுங்க. எங்க அக்காவைக் காப்பாத்தினது அந்த நோட்டுதான்.

இப்போ எங்க குழு ஜெராக்ஸ் கட்டு என் பையில் இல்லை. அவங்கவங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கு. யாராவது கேட்டால், “எதுக்கு?”ன்னு முதல் ஆளாக் கேட்கிறது அந்த அக்காதான். வர்ற வருஷத்துக்கு அவங்களைத்தான் எங்க குழுவின் ஊக்குநரா ஒரு மனதாத் தேர்ந்தெடுத்திருக்கோம். அந்தத் தீர்மானத்தை எழுதினப்போ என் கை நடுங்கல.