மூழ்கிப் போகும் பெயர்கள்



அடகு வைத்த நகை ‘மூழ்கிப் போய்விட்டது’ என்ற சொல்லைக் கேளாத தோட்டத்துக் குடும்பம் இருக்க முடியாது. பள்ளிக்கூடச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ பஜாக் கடைக்குப் போன தோடும் சங்கிலியும், ஆறு மாதத் தவணைக்குள் வட்டியும் முதலும் கட்டி மீட்கப்படாவிட்டால் நம் கையை விட்டுப் போய்விடும். அந்தத் துயரம் நமக்குப் புதிதன்று. ஆனால் நகையைப் போலவே ஒரு பெயரும் மூழ்கும் என்றால் நம்புவீர்களா? இன்று நாம் பார்க்கப் போவது அந்தக் கதையைத்தான்.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்ற நம் பிள்ளைகள் பலர் சிறு தொழில் நடத்துகிறார்கள். கோவில் நிர்வாகக் குழுவும், பழைய மாணவர் சங்கமும் இணையத்தில் தமக்கென ஒரு பெயரைப் பதிந்து வைத்திருப்பது இன்று சர்வ சாதாரணம். இந்தப் பெயரைத்தான் ‘டொமேன்’ என்கிறார்கள். நாம் இங்கே இணையப் பெயர் என்றே சொல்வோம். இதை ஒருமுறை பணம் கட்டி வாங்கிவிட்டால் என்றென்றும் நமக்கே சொந்தம் என்று எண்ணுகிறவர்கள் அநேகர். அப்படியன்று. இது குத்தகை. தவணை முடிந்ததும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும்.

பெயருக்குக் குத்தகை எப்படி வந்தது?

கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது எண்களைக் கொண்டுதான். அந்த எண்களை மனிதர் நினைவில் வைப்பது கடினம் என்பதால் எண்ணுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் இணையத்துக்கு முன்னோடியாக இருந்த வலையமைப்பில் கணினிகள் சில நூறுதான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு சிறு குழு அதைப் பராமரித்தது. நம் தோட்டத்துக் கிராணி செக்ரோல் புத்தகத்தில் பெயரைப் பதிவதைப் போன்றதுதான் அது. புதிய கணினி வந்தால் அவர்களுக்குத் தகவல் சொல்லிப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். காசு பணம் எதுவும் கிடையாது.

கணினிகள் பெருகவே ஒரே புத்தகம் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர் பெயர்களைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். ‘.காம்’ என முடியும் பெயர்களில் முதலாவதாகப் பதிவானது சிம்பாலிக்ஸ்.காம். நாள் 1985 மார்ச் 15. நம் நாட்டுக்குரிய ‘.எம்ஒய்’ என்ற முடிவும் 1987-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. இக்காலம் முழுவதும் பெயர் இலவசம். பதிவுச் செலவை அமெரிக்க அரசாங்கமே ஏற்றது.

1993 முதல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் அரசு ஒப்பந்தத்தின்பேரில் இந்தப் பதிவைக் கவனித்து வந்தது. அதற்குள் வியாபாரிகள் இணையத்தை மோப்பம் பிடித்துவிட்டார்கள். பெயர் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. வியாபாரிகளின் பெயருக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவானேன் என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே. 1995 செப்டம்பரில் கட்டணம் வந்தது: முதல் 2 ஆண்டுகளுக்கு 100 அமெரிக்க வெள்ளி, அதன்பின் ஆண்டுக்கு 50.

கட்டணம் வந்ததும் பெயர்கள் மூழ்கத் தொடங்கின. 1996-இல் பணம் கட்டாத 9,272 பெயர்கள் ஒரேயடியாக முடக்கப்பட்டன. அவர்களில் எத்தனை பேர் வேண்டாம் என்று விட்டவர்கள், எத்தனை பேர் பில்லைக் கவனியாமல் விட்டவர்கள் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மறதி ஏழைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1999 கிறிஸ்துமஸ் சமயம். உலகப் பெரும் நிறுவனமான மைக்ரோசாப்ட்டின் ஹாட்மெயில் அஞ்சலைப் பலரால் திறக்க முடியவில்லை. காரணம் என்ன? அஞ்சலுக்குள் நுழைய வாசலாக இருந்த பாஸ்போர்ட்.காம் என்ற பெயருக்கு 35 அமெரிக்க வெள்ளி கட்டணம் கட்டப்படவில்லை! மைக்கேல் சேனி என்ற கணினி நிரலாளர் இதைக் கண்டுபிடித்து, தம் சொந்தக் கடன் அட்டையிலிருந்து அந்த 35 வெள்ளியைக் கட்டினார். வாசல் திறந்தது. நன்றி சொல்லி நிறுவனம் அவருக்கு 500 வெள்ளிக் காசோலை அனுப்பியது. கோடீசுவர நிறுவனத்தின் பாக்கியைக் கூலிக்கு வேலை செய்யும் ஒருவர் கட்டிய விந்தை அது. 2004-இலும் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதேபோல ஒரு பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால் அதன் ஊழியர்களின் மின்னஞ்சல் நின்றுபோயிற்று.

பெரிய நிறுவனத்துக்கு உதவ யாராவது ஓடி வருவார்கள். சிறியவர்களின் நிலை வேறு. அக்காலத்தில் பதிவிலிருந்து நீக்கப்பட்ட பெயர், சிறிது நாளில் முதலில் கேட்டவர் கைக்குப் போய்விடும். இதற்கென்றே கணினியை இரவு பகலாக ஓடவிட்டுக் காத்திருந்த வியாபாரிகள் தோன்றினார்கள். பறித்த பெயரை உரியவருக்கே பல மடங்கு விலைக்கு விற்றார்கள். சில பெயர்களில் சூதாட்டப் பக்கங்களும் ஆபாசப் பக்கங்களும் முளைத்தன. நேற்றுவரை கும்பாபிஷேக அழைப்பிதழ் இருந்த இடத்தில் இன்று சூதாட்டம் என்றால் குழுவினர் ஊரில் தலைகாட்ட முடியுமா?

இந்த அநியாயம் குறித்த முறையீடுகள், 1998-இல் அமைந்த ஐகேன் என்ற நிர்வாக அமைப்பின் முன் சென்றன. அதன் பயனாக 2003-இல் ‘.காம்’ போன்ற பெயர்களுக்கு மீட்புக் காலம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நீக்கப்பட்ட பெயர் 30 நாள் தனியே நிறுத்தி வைக்கப்படும். அந்நாள்களில் பழைய உரிமையாளர் மட்டுமே அதை மீட்கலாம், வேறு யாரும் தொட முடியாது. நம் பஜாக் கடைத் தவணையை ஒத்த ஏற்பாடு இது.

இதற்கு முந்திய அவகாசத்தைப் பற்றித்தான் பலருக்கும் குழப்பம். தவணை முடிந்த நாளிலிருந்து 45 நாள் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த 45 நாள் யாருக்கு? பெயர்களின் மூலப் பதிவகம் ஒன்று. நமக்கு விற்கும் பதிவு முகவர் வேறு. தவணை முடிந்ததும் பதிவகம் தானாகவே ஓராண்டைப் புதுப்பித்து முகவரிடம் பணம் எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் பணம் கட்டவில்லையென்றால், 45 நாளுக்குள் பெயரை நீக்கிவிட்டு முகவர் தம் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே அது முகவருக்குக் கிடைத்த அவகாசம். அதில் நமக்கு எத்தனை நாள் விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. இடையிலேயே பெயரை ஏலத்தில் விடும் முகவர்களும் உண்டு. ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் படியாமல் கைநாட்டு வைத்த நம் முன்னோர் கதை நினைவுக்கு வருகிறது.

செலவிலும் வேறுபாடு பெரிது. 2024 செப்டம்பர் முதல் ஒரு ‘.காம்’ பெயருக்குப் பதிவகம் முகவரிடம் வாங்கியது ஆண்டுக்கு 10.26 அமெரிக்க வெள்ளி. முகவர் தம் லாபத்தைச் சேர்த்து நமக்கு விற்பார். பெயர் நீக்கப்பட்டு மீட்புக் காலத்துக்குப் போய்விட்டாலோ, 80, 100 அமெரிக்க வெள்ளி என்று கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள். பெயரை இழந்துவிடுவோமோ என்று பதறுகிறவரிடம் இவ்வளவு வாங்குவது முறையா என்பது கேட்கவேண்டிய கேள்வியே. 30 நாளும் கடந்தால் இன்னும் 5 நாள் பெயர் அந்தரத்தில் நிற்கும். அந்த 5 நாளில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க வழியில்லை. பிறகு அது சந்தைக்கு வரும்.

இவையெல்லாம் ‘.காம்’ வகைப் பெயர்களுக்கு. நாட்டுக்குரிய பெயர்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகமே விதி வகுக்கிறது: மலேசியாவில் மைநிக், சிங்கப்பூரில் எஸ்ஜிநிக். தமிழ் எழுத்திலேயே முடியும் ‘.சிங்கப்பூர்’ 2011-இல் வந்தது நமக்குப் பெருமை. இணையத்தில் தமிழுக்கு வழி திறந்த முன்னோடிகளுள் ஒருவரான சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1999-இலேயே மறைந்துவிட்டதால் இதைக் காணவில்லை. தமிழில் எழுதிய பெயரானாலும் தவணை தவணைதான்.

2013 ஆகஸ்டு இறுதியிலிருந்து ஐகேன் இன்னொரு விதியையும் கட்டாயமாக்கியது. தவணை முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த 5 நாளுக்குள் ஒன்று என மூன்று நினைவூட்டல்களை முகவர் அனுப்ப வேண்டும். புதுப்பிக்கவும் மீட்கவும் எவ்வளவு என்பதை வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும். ஆனால் கடிதம் போவது பதிவு செய்த நாளில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு. பதிந்து கொடுத்த இளைஞர் இன்று ஜொகூரிலோ பினாங்கிலோ வேலையாக இருப்பார். அந்தப் பழைய அஞ்சலை அவரே திறந்து பல வருடம் ஆகியிருக்கும். அஞ்சல் முகவரி அதே இணையப் பெயரிலேயே அமைந்திருந்தால் இன்னும் சங்கடம்: பெயர் முடங்கும்போது அஞ்சலும் முடங்கும், மூன்றாம் கடிதம் வந்து சேராமலும் போகலாம். ஆகவே புதிய செயலாளரிடம் கணக்குப் புத்தகமும் சாவிக் கொத்தும் ஒப்படைக்கும் நாளில் இந்த முகவரியும் கடவுச்சொல்லும் கூடவே கைமாற வேண்டும். ஆண்டுதோறும் கட்டுவது தொல்லை என்றால், ‘.காம்’ பெயரை 10 ஆண்டு வரை ஒருசேரக் கட்டி வைக்கவும் விதியில் இடமிருக்கிறது.